‘சாரிட்டி’: ஒரு சொல்லின் ஏற்றமும் இறக்கமும்

ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கிலத் திருமறையை முதன்முறை வாசிக்கும் இறையியல் மாணாக்கர் பலர் ஒரு சொல்லின் முன் தயங்கி நிற்பதுண்டு. பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், நம் தமிழ்த் திருமறை ‘அன்பு’ என்று கூறும் இடங்களிலெல்லாம் அவ்வாங்கில நூல் ‘சாரிட்டி’ என்று கூறுகிறது. அச்சொல்லைக் கேட்டவுடன் இன்று நம் நினைவிற்கு வருபவை எவை? உண்டியல், நன்கொடைச் சீட்டு, ஆதரவற்றோர் இல்லம், வரிவிலக்குச் சான்றிதழ் ஆகியவையே. பேராசிரியர் ஒருவர் விளக்கும்வரை, பவுலடிகள் ஏழைகளுக்கு உதவுவதன் மேன்மையைப் பாடியுள்ளார் என்றே அம்மாணாக்கர் எண்ணியிருப்பர். அவரைக் குறைகூற இயலாது. சொல் அவரை ஏமாற்றிவிட்டது.

ஜானத்தன் எட்வர்ட்ஸ் 1738ஆம் ஆண்டில் நிகழ்த்திய அருளுரைகள், அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து 1852இல் ‘சாரிட்டியும் அதன் கனிகளும்’ என்னும் பொருள்பட்ட தலைப்புடன் நூலாக வெளிவந்தன. அந்நூலைத் தலைப்பளவில் கண்டு, சமூகத் தொண்டு பற்றியது என்று கருதி ஒதுக்கியவர்களும் இருக்கலாம். அஃது அவ்வதிகாரத்தைப் பற்றிய, கிறிஸ்தவ அன்பைப் பற்றிய நூல்.

இச்சொல் எவ்வாறு இந்நிலையை அடைந்தது, அதில் திருச்சபையின் பங்கு யாது, மொழிபெயர்ப்பாளர் செய்தது சரியா, அருளுரை ஆற்றும் நமக்கு இதனால் வரும் பொறுப்பு என்ன என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. ஒரு சொல், பல பொருள்

இன்றைய ஆங்கிலத்தில் ‘சாரிட்டி’ என்பதற்கு வழங்கும் பொருள்களை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். முதலாவது, சட்டப்படி பதிவு பெற்ற அறநிறுவனம். இரண்டாவது, வறியோர்க்குக் கொடுக்கும் செயலும் கொடுக்கப்படும் பொருளும். மூன்றாவது, பிறருடைய சொல்லையும் செயலையும் நல்லெண்ணத்தோடு எடைபோடும் மனப்பான்மை. நான்காவது, விசுவாசம், நம்பிக்கை ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இறையியல் நற்பண்பு. ஐந்தாவது, கடவுள் மனிதர்பாலும் மனிதர் கடவுள்பாலும் பிறர்பாலும் கொள்ளும் அன்பு. இக்காலத்தில் ஆங்கிலம் கற்போர் கையாளும் அகராதிகளில் முதலிரு பொருள்களே முன்னிடம் பெறுகின்றன. கடைசிப் பொருள் வழக்கொழிந்தது என்னும் குறிப்புடன் ஓரத்தில் நிற்கும், அல்லது இடமே பெறாது.

சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியை எடுத்து நோக்கினால் வரிசை தலைகீழாக இருக்கக் காண்கிறோம். அங்கே கனிவும் அன்பும் முதலில் நிற்கின்றன, அடுத்து நல்லெண்ணம், அதற்கடுத்து அனைவர்பாலும் கொள்ளும் அன்பாகிய இறையியல் நற்பண்பு. வறியோர்பால் காட்டும் கொடைத்தன்மையும் கொடுக்கப்படும் பிச்சையும் நான்காம் ஐந்தாம் இடங்களிலேயே வருகின்றன. இரு நூற்றாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் தலை வாலாயிற்று, வால் தலையாயிற்று.

பொருள் சுருங்கியதோடு நில்லாமல் சொல்லின் மதிப்பும் தாழ்ந்தது. சாரிட்டியைப் போலக் குளிர்ந்தது என்னும் உவமை ஆங்கில மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது. உங்கள் சாரிட்டி எமக்கு வேண்டா என்று ஓர் ஆங்கில ஏழை கூறினால், அவர் மறுப்பது அன்பை அன்று; தம்மைத் தாழ்த்தும் கொடையையே மறுக்கிறார். அன்பின் உச்சியைக் குறிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட சொல், பெறுகிறவர் கூசும் சொல்லாக முடிந்தது. இது வெறும் மொழியியல் நிகழ்ச்சி என்று நாம் கடந்து செல்லலாகாது.

2. வேரும் வழியும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘அகாப்பே’ என்பது. இலத்தீன் திருமறையாகிய வுல்காத்தா இதனை ‘காரித்தாஸ்’, ‘திலெக்சியோ’ என்னும் இரு சொற்களால் மாறிமாறிப் பெயர்த்தது. கொரிந்தியர் நிருபத்தின் அப்பகுதியில் நிற்பது காரித்தாஸ். அதன் அடிச்சொல் அருமையானது, விலையுயர்ந்தது என்னும் பொருளுடையது. ஒருவரை அருமையானவராக மதிப்பதே காரித்தாஸ். நாம் ஒரு குழந்தையை ‘அருமை மகன்’ என்னும்போது அச்சொல்லின் உயிரை ஒருவாறு தொட்டுவிடுகிறோம். காரித்தாஸில் பணம் இல்லை; மதிப்பு உண்டு. பிற்காலத்தில் மதிப்பு நீங்கிப் பணம் எஞ்சியது என்பதே இச்சொல்லின் கதைச் சுருக்கம் எனலாம்.

இங்கிலாந்தைப் பிரெஞ்சு மொழி பேசிய நார்மானியர் வென்றபின், 12ஆம் நூற்றாண்டளவில் இச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் குடிபுகுந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்கிளிப்பின் வழிவந்தோர் இலத்தீனிலிருந்து திருமறையை ஆங்கிலமாக்கியபோது, காரித்தாஸ் நின்ற இடத்தில் சாரிட்டியை அப்படியே வைத்தனர். ஆயின் நாட்டு மக்களின் நாவில் பழைய ஆங்கிலச் சொல்லாகிய ‘லவ்’ எக்காலமும் வழங்கியே வந்தது. வழிபாட்டுக்கு ஒரு சொல், வாழ்க்கைக்கு ஒரு சொல் என்னும் பிரிவு இங்ஙனம் தொடங்கிற்று.

3. திண்டேலும் தாமஸ் மோரும்

1526ஆம் ஆண்டில் வோர்ம்ஸ் நகரில் அச்சான தம் புதிய ஏற்பாட்டில் வில்லியம் திண்டேல் துணிந்து சாரிட்டியை நீக்கி லவ் என்று வைத்தார். அவர் கிரேக்கத்திலிருந்து நேரே பெயர்த்தவர். இம்மாற்றம் பெரும் புயலைக் கிளப்பிற்று. 1529ஆம் ஆண்டில் சர் தாமஸ் மோர் வெளியிட்ட கண்டன நூலில், திண்டேல் மாற்றிய சொற்களுள் மூன்றைத் தனியே எடுத்துக்காட்டினார்: குருவைக் குறிக்கும் சொல், திருச்சபையைக் குறிக்கும் சொல், சாரிட்டி. திண்டேல் 1531இல் விடையளித்தார்; மோர் மீண்டும் விரிவாக மறுத்தெழுதினார்.

இருவர் வாதங்களையும் நடுநிலையோடு நோக்குதல் நம் கடன். லவ் என்பது எல்லா வகை விருப்பத்துக்கும் பொதுச்சொல்; தூய அன்பையும் காமத்தையும் அது ஒருங்கே குறிக்கும்; சாரிட்டியோ நெறிப்பட்ட, நற்பண்பான அன்பை மட்டுமே குறிக்கும்; சிறப்புச் சொல் இருக்கப் பொதுச்சொல்லை நாடுவானேன் என்பது மோரின் வினா. இதன் பின்னே அவருக்கு வேறோர் ஐயமும் இருந்தது. விசுவாசத்தை உயர்த்துவதற்காக, நற்செயல்களுக்குத் தாயான பண்பின்மேல் மக்கள் வைத்திருந்த மதிப்பைக் குறைக்கவே லூத்தரின் வழிச் செல்வோர் அதன் பெயரை மாற்றுகின்றனர் என்று அவர் கருதினார்.

திண்டேலின் மறுமொழி மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, மக்கள் வழக்கில் சாரிட்டி என்பது பிச்சையையும் இரக்கத்தையும் பொறுமையையுமே குறிக்கிறது. பவுலடிகள் கருதிய விரிவு அதில் இல்லை. இரண்டாவது, கிரேக்க அகாப்பேயும் இலத்தீன் காரித்தாஸும் கிறிஸ்துவுக்கு முன்னரே வழங்கிய பொதுச்சொற்களே. மூலத்தில் பொதுச்சொல் நின்ற இடத்தில் பெயர்ப்பிலும் பொதுச்சொல் நிற்பதில் தவறில்லை. பொருளை வரையறுப்பது சூழலே. மூன்றாவது வாதம் இலக்கணம் சார்ந்தது. அதுவே நம் கருத்தை மிகவும் ஈர்க்கிறது. சாரிட்டி என்னும் பெயருக்கு இணையான வினை இல்லை. கடவுளிடத்தில் அன்புகூர் என்று கட்டளையிடலாம். சாரிட்டியை வினையாக்கிக் கட்டளையிட ஆங்கிலம் இடந்தராது.

இவ்வாதம் எளியது போலத் தோன்றினும் ஆழமானது. ஆண்டவரின் பெருங்கட்டளை ஒரு வினைச்சொல்லில் அமைந்தது. அதன் பெயர்ச்சொல்லை வினையினின்று பிரித்துவிட்டால், கட்டளை ஒருபுறமும் பண்பு மறுபுறமும் நிற்கும். தமிழிலும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒருவரிடத்தில் அன்புகூர்கிறோம், ஒருவருக்குத் தருமம் கொடுக்கிறோம். முன்னதில் ஏழாம் வேற்றுமை. பின்னதில் நான்காம் வேற்றுமை. முன்னதில் செயல் சென்று தங்கும் இடம் மனிதர். பின்னதில் மனிதர் பெறுபவர் மட்டுமே. செயலின் செயப்படுபொருள் ஒரு நாணயமோ ஒரு புடவையோ ஆகும். நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குக் கூறும் பொருள்களில் கொடை முதலாவதாகவும் பகை இரண்டாவதாகவும் அடுத்தடுத்து நிற்பதை மாணாக்கர் அறிவர். கொடுப்பதற்கும் பகைப்பதற்கும் ஒரே உருபு போதுமானதாய் இருக்கிறது. அன்புக்கு அது போதாது.

மோர் 1535ஆம் ஆண்டில் மன்னனின் ஆணையால் தலை வெட்டுண்டார். திண்டேல் 1536ஆம் ஆண்டில் வில்வோர்டே என்னுமிடத்தில் கொலைத் தண்டனை பெற்று எரிக்கப்பட்டார். அன்பைக் குறிக்கும் சொல் எதுவென்று கடுமொழிகளால் போராடிய இருவரும் தத்தம் மனச்சான்றுக்காக உயிர் துறந்தனர். இருவர் எழுத்திலும் எதிரியின்பால் அன்பு மிகுதியாக இல்லை என்பதையும் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது. இறையியல் வாதம் புரிவோர்க்கு இஃது எச்சரிக்கையாகும்.

4. 1611: இரு சொற்களின் உடன்பாடு

திண்டேலுக்குப் பின் 1560ஆம் ஆண்டின் ஜெனீவா வேதாகமம் லவ் என்பதையே கைக்கொண்டது. ரோமைத் திருச்சபையினர் 1582இல் ரீம்ஸ் நகரில் வெளியிட்ட புதிய ஏற்பாடு சாரிட்டியைக் காத்தது. 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழங்கப்பட்ட விதிகளுள் ஒன்று, பழைய திருச்சபைச் சொற்களை மாற்றாது வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. திண்டேல் மாற்றிய திருச்சபை என்னும் சொல்லையே அவ்விதி எடுத்துக்காட்டாகக் கூறிற்று. சாரிட்டியும் இப்பாங்கிலேயே மீண்டது எனல் பொருந்தும்.

ஆனால் மீட்சி முழுமையானதன்று. அகாப்பே புதிய ஏற்பாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகிறது. அவற்றுள் பெரும்பாலான இடங்களில் அவர்கள் லவ் என்றே பெயர்த்தனர். சாரிட்டி வருவன இருபத்தெட்டு இடங்களே. நற்செய்தி நூல்களில் அது ஓரிடத்தும் இல்லை. பழைய ஏற்பாட்டிலும் இல்லை. ஒரு சொல்லை எப்போதும் ஒரே சொல்லால் பெயர்க்கும் கட்டுப்பாட்டைத் தாங்கள் ஏற்கவில்லை என்று அவர்களே முன்னுரையில் கூறியுள்ளனர். அந்த உரிமை பல இடங்களில் நடைக்கு அழகு தந்திருப்பதை மறுக்கவில்லை. இங்கே அது பொருளுக்கு ஊறு செய்தது என்பதே நம் கருத்து.

வெளிப்படுத்தின விசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். எபேசு சபை ஆதியில் கொண்டிருந்து விட்டுவிட்டதும், தியத்தீரா சபையில் ஆண்டவர் கண்டு பாராட்டியதும் மூலத்தில் ஒன்றே: அகாப்பே. நான்காம் வசனத்தில் லவ் என்று பெயர்த்தவர்கள் பத்தொன்பதாம் வசனத்தில் சாரிட்டி என்று பெயர்த்தனர். ஒரு சபை இழந்ததையே மற்றொரு சபை பெற்றிருந்தது என்னும் இணைப்பு ஆங்கில வாசகருக்கு மறைந்துபோயிற்று. எபேசு ஓர் உணர்ச்சியை இழந்ததுபோலவும் தியத்தீரா அறப்பணி செய்ததுபோலவும் தோன்றுகிறது. நம் தமிழ்த் திருமறை இரண்டிடத்தும் ‘அன்பு’ என்றே கூறி அவ்விணைப்பைக் காத்துள்ளது. மூன்றாம் யோவான் நிருபத்தில் சாரிட்டி என்றும் முதலாம் நிருபத்தில் லவ் என்றும் வருவதும் இத்தகையதே.

எல்லாவற்றினும் பெரிய முரண் கொரிந்தியர் நிருபத்திலேயே உள்ளது. பதின்மூன்றாம் அதிகாரத்தின் மூன்றாம் வசனம், ஒருவர் தம் உடைமை யாவற்றையும் ஏழைகளுக்கு உணவாக வழங்கினாலும் அகாப்பே இல்லையேல் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்று கற்பிக்கிறது. சாரிட்டியை இன்றைய பொருளில் கொண்டால், எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்தும் ஏழைகளுக்குக் கொடுக்காதவர் என்று பொருளற்ற கூற்றாக அது முடியும். பவுலடிகள் எதை அன்பன்று என்று பிரித்து விலக்கினாரோ, அதற்கே பின்வந்த மக்கள் அன்பின் பெயரைச் சூட்டினர். இச்சொல்லின் வரலாற்றில் இதனினும் துயரமான செய்தி வேறில்லை.

இத்தீங்கை முன்னோர் உணராமலில்லை. ஜான்சனின் அகராதி வெளிவந்த அதே 1755ஆம் ஆண்டில் ஜான் வெஸ்லி தம் விளக்கக் குறிப்புகளுடன் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் இப்பகுதிக்கு லவ் என்றே எழுதினார். பின்னர் இதே பகுதியின்மேல் ஆற்றிய அருளுரையிலும் பழைய பெயர்ப்பே மூலத்துக்கு நேரானது என வற்புறுத்தினார். ஆயினும் பொது வழிபாட்டில் சாரிட்டியே ஒலித்தது. 1881ஆம் ஆண்டின் திருத்திய மொழிபெயர்ப்பு வந்தபின்னரே மாற்றம் உறுதிப்பட்டது. ரோமைத் திருச்சபையில் ரொனால்டு நாக்ஸ் 1945இல் வெளியிட்ட புதிய ஏற்பாடு சாரிட்டியைக் கைவிடவில்லை; 1966ஆம் ஆண்டின் எருசலேம் வேதாகமம் கைவிட்டது. இக்குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை. போப்பு பதினாறாம் பெனடிக்ட் எழுதிய இரு சுற்றுமடல்களின் இலத்தீன் தலைப்புகளிலும் காரித்தாஸ் உண்டு. 2005ஆம் ஆண்டின் மடல் ஆங்கிலத்தில் லவ் என்றும், 2009ஆம் ஆண்டின் மடல் சாரிட்டி என்றும் பெயர் பெற்றன.

5. சட்டத்தின் கையில்

திருச்சபை தயங்கி நிற்க, அரசு இச்சொல்லைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எலிசபெத்து அரசியின் காலத்தில் 1601ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அறக்கொடைச் சட்டத்தின் முகவுரை, சாரிட்டி எனத்தக்க நோக்கங்களை அடுக்கிக் கூறிற்று. முதியோரும் வறியோரும் வலுவற்றோரும் பெறும் உதவி, காயமுற்ற போர்வீரரின் பராமரிப்பு, பள்ளிகள், பல்கலைக்கழக மாணாக்கர், பாலங்கள், துறைமுகங்கள், நெடுஞ்சாலைகள், ஆலயங்களைப் பழுதுபார்த்தல், அநாதைகளின் கல்வி, ஏழைப் பெண்களின் திருமணம், சிறைப்பட்டோரின் மீட்பு முதலியன அப்பட்டியலில் இருந்தன. நல்ல பட்டியல்தான். பாலம் கட்டுவதும் அயலாருக்குச் செய்யும் தொண்டே. ஆயின் பட்டியலாகிவிட்ட ஒன்றை மனமின்றியும் நிறைவேற்றலாம்.

1891ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்த்த பெம்சல் வழக்கு இறையியல் மாணாக்கர் அறியத்தக்கது. கிறிஸ்தவரல்லாத மக்களிடையே மொரேவியச் சபையார் நடத்திய அருட்பணிக்கு விடப்பட்ட ஓர் அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டா என்பது வழக்கு. சாரிட்டி என்பது வறுமை நீக்கம் மட்டுமே, நற்செய்திப் பணி அதில் அடங்காது என்று வரி அதிகாரிகள் வாதிட்டனர். மக்நாட்டன் பிரபு சட்டத்தில் அச்சொல்லுக்கு நால்வகைப் பொருள் உண்டென வகுத்தார்: வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமுதாயத்துக்கு நன்மை பயக்கும் பிற நோக்கங்கள். அருட்பணி சாரிட்டியே எனத் தீர்ப்பாயிற்று. நற்செய்தி அறிவிப்பது அன்பின் செயலா என்னும் வினா, வரித்தொகை பற்றிய வழக்காக நீதிமன்றம் ஏறி விடைபெற்றது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இந்நான்கைப் பதின்மூன்றாக விரித்து, பொதுநன்மையை ஒவ்வொன்றுக்கும் கட்டாயமாக்கிற்று.

சட்டத்தை நாம் பழிக்கவில்லை. கொடுத்த பொருள் களவு போகாமல் காப்பது சட்டத்தின் வேலை. ஆயின் கொடுத்தவரின் உள்நோக்கம் யாது என்று சட்டம் வினவாது. புகழுக்காகக் கொடுத்தாலும், வாரிசுகள்மேல் கொண்ட வெறுப்பினால் சொத்து முழுவதையும் மருத்துவமனைக்கு எழுதிவைத்தாலும், நோக்கம் பட்டியலில் அடங்கினால் அது சாரிட்டியே. பவுலடிகள் கேட்ட ஒரே கேள்வியைச் சட்டம் கேட்கமாட்டாது, கேட்கவும் இயலாது. அதைக் கேட்கவேண்டியவர்கள் நாம். சொல்லைச் சட்டத்திடம் விட்டதோடு கேள்வியையும் விட்டுவிட்டோமோ என்பதே நம் அச்சம்.

இந்தியாவில் 1890ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டம் வறியோர்க்கு உதவி, கல்வி, மருத்துவம், பொதுப்பயன் ஆகியவற்றை எண்ணி, சமயப் போதனையையும் வழிபாட்டையும் மட்டுமே கருதும் நோக்கங்களை விலக்கிற்று. ஆங்கிலேயர் ஆட்சியிலேயே, ஓராண்டு இடைவெளியில், ஒரு சொல் இங்கிலாந்தில் ஒன்றையும் இந்தியாவில் மற்றொன்றையும் குறித்தது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையங்கள் பற்றிய சட்டத்தில் இச்சொல் தமிழில் ‘அறம்’ ஆயிற்று. ஈகையையும் ஒழுக்கத்தையும் நீதியையும் தன்னுள் அடக்கிய விரிந்த சொல்லைத் தமிழ் தெரிந்துகொண்டது நன்றே.

6. எஞ்சி நிற்கும் ஒளி

இவ்வளவு வீழ்ச்சிக்குப் பின்னும் சாரிட்டியின் ஒரு பொருள் பழுதுபடாமல் நிற்கிறது. பிறர் கூற்றை அவருக்குச் சாதகமாகவே விளங்கிக்கொள்ளுதல் என்பதே அது. 1865ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் தம் இரண்டாம் பதவியேற்பு உரையில் இச்சொல்லை ஆண்டபோது, தோற்கும் நிலையிலிருந்த தென்மாநிலத்தாருக்குப் பிச்சையிடச் சொல்லவில்லை. பகைமை பாராட்டாத நெஞ்சையே வேண்டினார். இருபதாம் நூற்றாண்டின் மெய்யியலாரும் ஒருவர் கூற்றை அறிவுக்கு இயைந்ததாகக் கொண்டு பொருள்காணும் நெறிக்குச் சாரிட்டியின் பெயரையே இட்டனர். அன்பு தீங்கு நினையாது, சகலத்தையும் நம்பும் என்று பவுலடிகள் கற்பித்தவற்றுக்கு இப்பொருள் மிக அண்மையில் உள்ளது. பணம் ஒட்டாத காரணத்தால் இக்கிளை காய்ந்துபோகாமல் பிழைத்தது என்று கருத இடமுண்டு.

இறையியல் கற்போர்க்கு இப்பொருள் இன்றியமையாதது. பிற சபையாரின் கோட்பாட்டை அதன் வலிமையான வடிவில் எடுத்துரைத்துப் பின்னரே மறுப்பவர் சாரிட்டி உடையவர். எதிரியின் நூலில் பிழையான வரியைத் தேடி எடுத்து அதனை அவர் கொள்கை முழுமைக்கும் சான்றாக்குபவர், ஏழைகளுக்கு எவ்வளவு கொடுப்பினும் அதில் வறியவரே.

7. நம் மொழியும் நம் சபையும்

சாரிட்டியின் வீழ்ச்சியை ஆங்கிலேயரின் குறையாகக் கருதி நாம் மகிழ்வதற்கில்லை. ‘தருமம்’ என்னும் பெருஞ்சொல் நம் தெருக்களில் கையேந்துவோர் வேண்டும் காசாகவும், ‘தருமாஸ்பத்திரி’ என்னும் பெயரில் கட்டணமில்லாத, ஆகவே மதிப்புக் குறைந்த மருத்துவமனையாகவும் சுருங்கியதை நாம் அறிவோம். அன்பு என்னும் சொல்லும் காப்பற்றதே. ‘அன்பளிப்பு’ என்பது அன்பை அளித்தல் என்று விரியும். இன்று அது திருமண வீட்டில் பெயரெழுதிப் பெறும் தொகைக்கும், சில அலுவலகங்களில் மேசைக்கடியில் கைமாறும் பணத்துக்கும் பெயராகிவிட்டது. திருவள்ளுவர் அன்புடைமையை எட்டாம் அதிகாரத்திலும் ஈகையை இருபத்துமூன்றாம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். அன்பு முன்னே, ஈகை பின்னே. அவ்வரிசையை நாம் மாற்றிக்கொண்டோமா என்பதே வினா.

கிறிஸ்து பிறப்பு விழாக்காலத்தில் நம் சபைகள் பலவற்றில் நடைபெறும் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப்பார்ப்போம். மேடையில் கொடையாளர்கள் அமர்ந்திருப்பர். ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்படும். கைம்பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து புடவை பெற்றுக்கொண்டு, படம் எடுக்கப்படும்வரை நின்று, இறங்கிச் செல்வர். அடுத்த ஞாயிறன்று அவர்களுள் ஒருவர் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஒலிபெருக்கியின் உதவியின்றி அவர் பெயர் நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் இரு ஞாயிறுகள் வாராதிருந்தால் யார் அவர் வீட்டு வாயிலில் போய் நிற்பர்? புடவை கொடுத்தது தவறன்று. குளிர்காலத்தில் அது தேவையே. சபையின் கணக்கேட்டில் அது நற்செலவாகவே பதியப்படும். ஆயின் நாம் செய்தது அகாப்பேயா, சாரிட்டியா என்று தீர்ப்பது அக்கணக்கேடு அன்று. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தத் தாயே.

8. முடிவாக

மோர், திண்டேல் ஆகிய இருவருள் யார் பக்கம் நாம் நிற்பது? மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை திண்டேலே சரி. மக்கள் நாவில் வழங்கும் சொல்லையே திருமறையில் வைக்கவேண்டும் என்பதும், கட்டளையையும் பண்பையும் ஒரே சொல் தாங்கவேண்டும் என்பதும் அசைக்கவியலாத உண்மைகள். பின்வந்த நூற்றாண்டுகள் அவர் பக்கமே தீர்ப்பளித்தன. ஆயினும் மோரின் எச்சரிக்கையும் பொய்யாகவில்லை. பொதுச்சொல் எதற்கும் இழுபடும் என்றார் அவர். இன்று லவ் என்னும் ஆங்கிலச் சொல் பனிக்கூழ் முதல் திரைப்பட நடிகர் வரை எல்லாவற்றையும் விரும்புவதற்கு வழங்குகிறது. சிறப்புச் சொல் உறைந்து குளிர்ந்தது. பொதுச்சொல் உருகி ஓடிற்று. தானே தன்னைக் காத்துக்கொள்ளும் சொல் எம்மொழியிலும் இல்லை.

ஆகவே சொல்லைக் காக்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரோடு முடிவதில்லை. அருளுரையாளரிடமும் ஆயரிடமும் அது வந்து சேர்கிறது. இப்பகுதியை ஆங்கில விளக்கவுரைகளின் துணையோடு ஆயத்தம் செய்யும் மாணாக்கர், பழைய நூல்களில் சாரிட்டி வரும் இடந்தோறும் நின்று, ஐந்து பொருள்களுள் எது அங்குப் பொருந்தும் என்று ஆராய்ந்த பின்னரே தமிழாக்குவாராக. பிறர் கொள்கையைத் திறனாயும்போது அச்சொல்லின் மூன்றாம் பொருளை மறவாதிருப்பாராக. திருமண ஆராதனைகளில் இவ்வதிகாரத்தை இனிமைக்காக வாசிக்கும் நாம், மூன்றாம் வசனத்தை விரைந்து கடந்துவிடாமல், நன்கொடைப் பட்டியல் வாசிக்கப்படும் ஞாயிறுகளிலும் அதனை வாசிப்போமாக.

காரித்தாஸ் என்பதன் வேர்ப்பொருள் ஒருவரை அருமையானவராக மதித்தல் என்று கண்டோம். கொடுக்குமுன் மதிக்கக் கற்ற சபையில் கொடையும் அன்பாகும், பெறுபவரும் கூசமாட்டார். அந்நிலை வந்தால் எச்சொல்லால் அதனை அழைப்பினும் தவறில்லை. அது வாராதவரை, அன்பு என்று நம் திருமறை அழகாகப் பெயர்த்திருப்பது நமக்குப் பெருமையன்று; நம்மேல் சாட்சி.